இரண்டாவது டெலஸ்கோப்: வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஏற்கனவே ஒரு டெலஸ்கோப் இருக்கிறது, நிலாவும் சனியும் வியாழனும் பார்த்தாயிற்று, அடுத்து இன்னொன்று வாங்கலாமா என்ற யோசனை வந்துவிட்டது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் 2015 முதல் ஒரு 8 அங்குல டாப்சோனியன் இருக்கிறது, அதாவது குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும், தரையில் வைத்துத் திருப்பும் பெரிய குழாய். 2018இல் அதற்குத் துணையாக 80 மி.மீ. ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் வைத்த டெலஸ்கோப், ஒன்று வந்தது (8 அங்குலம், 80 மி.மீ. என்பதெல்லாம் விட்டம்). வீடு சென்னைப் புறநகரில் இரண்டாவது மாடி, பார்ப்பது மொட்டை மாடியிலிருந்து, வருடத்துக்கு மூன்று நான்கு தடவை ஜவ்வாது மலைப் பக்கம் போவதுண்டு. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

எனக்கு இது புரிந்தது கார்த்திகைக் கூட்டத்தைப் பார்த்தபோதுதான். வெறும் கண்ணுக்கே ஆறு நட்சத்திரம் தெரிகிற கூட்டம், 8 அங்குலத்தில் எப்படி இருக்கும் என்று ஆசையாகத் திருப்பினால் அது உள்ளே அடங்கவே இல்லை. நாலு பிரகாசமான நட்சத்திரம் தெரிகிறது, குழாயை நகர்த்தினால் வேறு நாலு தெரிகிறது, கூட்டம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. காரணம் எளிமையானது. கார்த்திகை வானத்தில் கிட்டத்தட்ட 2 டிகிரி அகலம், அதாவது நான்கு முழுநிலாவை வரிசையாக வைத்த அகலம். என் டாப்சோனியனின் குவியத் தூரம் (ஒளி குவியும் தூரம்) 1200 மி.மீ., கூடவே வந்த 25 மி.மீ. ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) போட்டால் 48 மடங்கு உருப்பெருக்கம், கண்ணுக்குத் தெரியும் வானம் ஒரே ஒரு டிகிரி.

விலை அதிகமானாலும் எந்த டெலஸ்கோப்பும் எல்லாவற்றையும் காட்டாது. குவியத் தூரம் நீண்டால் உருப்பெருக்கம் எளிதாகக் கிடைக்கும், வானம் குறுகும். குறைந்தால் வானம் விரியும், கிரகம் சிறுத்துவிடும். விட்டம் கூடினால் மங்கலானவை தெரியும், ஆனால் தூக்க முடியாது. இரண்டாவது டெலஸ்கோப் முதல் டெலஸ்கோப்பால் முடியாததைச் செய்ய வேண்டும். இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் கீழே உள்ள எல்லாப் பதிலும்.

எதை வாங்குவது என்று எப்படி முடிவு செய்வது?

கடைப் பக்கம் போகும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். மூன்று மாதம், வானம் தெளிவாக இருந்த ஒவ்வொரு இரவும் டெலஸ்கோப் வெளியே போனதா இல்லையா என்று எழுதுங்கள். போகவில்லை என்றால் ஏன், போனது என்றால் எதைப் பார்க்க ஆசைப்பட்டு முடியாமல் போனது. இவ்வளவுதான். ஜனவரி முதல் மார்ச் வரை எழுதினால் நல்லது, நம் பக்கம் வானம் ஓரளவு ஒத்துழைக்கிற மாதங்கள் அவை.

என் நோட்டில் அதிகம் இருந்த வரி "நேரமில்லை, தூக்கவில்லை" என்பது. டாப்சோனியனின் குழாயும் அடிப்பலகையும் சேர்ந்து கிட்டத்தட்ட 25 கிலோ. முதலில் அடிப்பலகையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏற வேண்டும், இறங்கி வந்து குழாயைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும், மாடிப்படித் திருப்பத்தில் முன்பக்க வளையம் கைப்பிடிச் சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூன்றாவது நடையில் ஐபீஸ் பெட்டியும் ஸ்டூலும். திரும்ப இறக்குவதும் அப்படியே. மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டியவன் இதை வாரநாளில் செய்ய மாட்டான். இரண்டாவது அதிகம் இருந்த வரி "அடங்கவில்லை". கார்த்திகை, ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, பால்வீதியின் நடுப்பகுதி எல்லாம். இந்த இரண்டு வரியும் சேர்ந்துதான் எனக்கு எது வேண்டும் என்று சொல்லின.

உங்கள் நோட்டு வேறு மாதிரி இருக்கும். "கிரகம் சிறிதாகவே தெரிகிறது" என்றோ "பகலில் மட்டும்தான் நேரம் கிடைக்கிறது" என்றோ இருந்தால் பதிலும் வேறு.

ஒருவேளை பிரச்சினை டெலஸ்கோப்பிலேயே இல்லை என்றால்?

நிறையப் பேருக்கு அப்படித்தான். கண்ணாடிகள் நேராக இல்லாத நியூட்டோனியனில் (டாப்சோனியன் உட்பட, கண்ணாடி வைத்த வகை) வியாழன் மங்கலாகத்தான் தெரியும், அதற்கு வேறு டெலஸ்கோப் தேவையில்லை, கொலிமேஷன், அதாவது கண்ணாடிகளை நேராக்குவது, செய்யக் கற்றுக்கொண்டால் போதும். ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கவே அரைமணி நேரம் ஆகிறது என்றால் நல்ல ஃபைண்டர் வாங்குங்கள், சிவப்புப் புள்ளி காட்டுகிற வகையோ, நிமிர்ந்த உருவம் தருகிற 50 மி.மீ. வகையோ. கூடவே வந்த 10 மி.மீ. ஐபீஸ் பல நேரம் சுமாராகத்தான் இருக்கும், அதை மாற்றினாலே புது டெலஸ்கோப் வாங்கிய மாதிரி இருக்கும். இதையெல்லாம் செய்த பிறகும் நோட்டில் அதே வரி வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

8 அங்குலம் இருக்கிறது. 10 அங்குலமோ 12 அங்குலமோ வாங்கினால் என்ன?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் பதில், பெரும்பாலும் வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளி சேர்வது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8லிருந்து 10க்குப் போனால் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், நட்சத்திரப் பிரகாச அளவில் அரைப் படி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், நினைவிலிருந்து ஒப்பிட்டால் தெரியவே தெரியாது. பார்க்கும் பொருட்களும் அதேதான், வானத்தின் அகலமும் ஏறக்குறைய அதேதான், எடை மட்டும் கூடிவிடும். 12 அங்குலம் என்றால் வித்தியாசம் நிஜமாகவே தெரியும், ஆனால் அது தரைத்தளத்தில் தனி வீடும் முற்றமும் இருப்பவர்களுக்கு, அல்லது கார் டிக்கியிலேயே வைத்துக்கொண்டு இருட்டான இடத்துக்குப் போகிறவர்களுக்கு.

அதே பணத்தில் பெட்ரோல் போட்டு இருக்கிற 8 அங்குலத்தை இருட்டுக்குக் கொண்டுபோவது பல மடங்கு பலன். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைச் சென்னையிலோ பெங்களூரிலோ வைக்காமல் ஜவ்வாது மலைக் காவலூரில் வைத்தார்களே, இருட்டைத் தேடித்தான். அங்கே பக்கத்துக் கிராமத்து வயல் வரப்பில் என் 8 அங்குலத்தில் ஹெர்க்குலஸ் நட்சத்திரக் கொத்தைப் பார்த்தபோது ஓரத்திலிருந்து நடு வரை தனித்தனி நட்சத்திரமாகப் பிரிந்து நின்றது. மொட்டை மாடியில் அதே டெலஸ்கோப்பில் அது ஒரு சாம்பல் உருண்டை, ஓரத்தில் சில புள்ளிகள், அவ்வளவுதான்.

அப்படியானால் பெரிய டாப்சோனியனுக்கு எது சரியான ஜோடி?

80 மி.மீ. குட்டை ரிஃப்ராக்டர். 70, 72, 90, 102 மி.மீ. என்றும் கிடைக்கும், எல்லாம் ஒரே குடும்பம். குவியத் தூரம் 400லிருந்து 500 மி.மீ. வரை இருந்தால் போதும். என்னுடையது 400, அதை 80 மி.மீ. விட்டத்தால் வகுத்தால் 5, அதாவது எஃப்/5.

அதில் 32 மி.மீ. ப்ளாசல் ஐபீஸைப் போட்டால் 12.5 மடங்கு, தெரியும் வானம் 3.9 டிகிரி. அதே ஐபீஸ் டாப்சோனியனில் 37.5 மடங்கு, 1.3 டிகிரி. கார்த்திகை முழுவதும் உள்ளே வந்து, சுற்றிலும் கொஞ்சம் இருட்டும் இருக்கும். அந்த ஓரத்து இருட்டு முக்கியம், அது இருந்தால்தான் கூட்டம் கூட்டமாகத் தெரியும். ஆண்ட்ரோமெடாவின் நீளம் 3 டிகிரி, இருட்டான இடத்தில் அதுவும் அடங்கும். சிக்னஸ் விண்மீன் குழுவில் இருக்கும் வெய்ல் (Veil) நெபுலா என்ற வாயு மேகம் கிட்டத்தட்ட 3 டிகிரி அகலம், நெபுலாவின் ஒளியை மட்டும் விடும் ஆக்சிஜன் 3 ஃபில்டர் ஒன்றைத் திருகிவிட்டு மலையில் பார்த்தால் இரண்டு வளைவும் ஒரே பார்வையில் தெரிகிறது. 8 அங்குலத்தில் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாக, ஆனால் நூல் நூலாகத் தெரியும். ஒரே பொருளை இரண்டிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

எடை? குழாய் ஒன்றரை கிலோ சுற்றி. ட்ரைபாடில் மாட்டி ஒரே கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடலாம். 2024 அக்டோபரில் சுசின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி மாலை மேற்கில் தாழத் தெரிந்தபோது எங்கள் பக்கம் மேகம் விலகியது பத்து நிமிடம்தான், டாப்சோனியனின் முதல் நடை முடிவதற்குள் அது முடிந்திருக்கும்.

2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணத்துக்குத் தோள் பையில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் திருச்சி போனேன். வட்டம் முழுமையான அந்தக் கொஞ்ச நேரம் ஃபில்டர் வழியாக நெருப்பு மோதிரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் காட்ட முடிந்தது. அவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாதாரண அக்ரோமாட்டா, ஈடி கண்ணாடியா?

குட்டையான அக்ரோமாட் லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே புள்ளியில் குவிக்காது. நிலாவின் விளிம்பிலும் வெள்ளியைச் சுற்றியும் ஊதா நிறம் படரும். 12, 16 மடங்கில் நட்சத்திரக் கூட்டம் பார்க்கும்போது அது கண்ணை உறுத்தாது, 100 மடங்கில் வியாழனைப் பார்த்தால் உறுத்தும். ஈடி கண்ணாடி போட்ட ரிஃப்ராக்டரில் இந்த ஊதா ஏறக்குறைய இருக்காது, விலை பல மடங்கு.

கிரகத்துக்கும் நிலாவுக்கும் ஏற்கனவே டாப்சோனியன் இருக்கிறது என்றால் அக்ரோமாட்டே போதும், மிச்சப் பணத்தில் நல்ல மவுண்ட் (குழாயைத் தாங்கித் திருப்பும் பகுதி) வாங்குங்கள். ஒருநாள் கேமரா மாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் ஈடிக்குப் போங்கள், கேமரா ஊதாவை மன்னிக்காது.

கிரகம்தான் எனக்குப் பிடிக்கும். மாக்சுடோவ் வாங்கலாமா?

மாக்சுடோவ் என்பது கண்ணாடியும் லென்ஸும் சேர்ந்த குட்டைக் குழாய். வாங்கலாமா என்பது உங்களிடம் இப்போது இருப்பது என்ன என்பதைப் பொறுத்தது. சிறிய ரிஃப்ராக்டரோ 5 அங்குல எஃப்/5 நியூட்டோனியனோ இருந்தால் 127 மி.மீ. மாக்சுடோவ் அருமையான துணை. குவியத் தூரம் 1500 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ் போட்டாலே 150 மடங்கு, குழாயோ ஒரு ரொட்டிப் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிது. கொலிமேஷன் அடிக்கடி செய்ய வேண்டியதில்லை. ஃப்ளாட் பால்கனிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஆனால் 8 அங்குல டாப்சோனியன் இருக்கிறவர் "கிரகம் இன்னும் கூர்மையாக வேண்டும்" என்று 127 வாங்கினால் ஏமாந்துபோவார். பிரித்துக் காட்டும் திறனும் விட்டத்தைப் பொறுத்ததுதான், 127 மி.மீ.க்கு 0.91 வில்நொடி (டிகிரியில் 3600இல் ஒரு பங்கு), 8 அங்குலத்துக்கு 0.57, எண் சிறிதானால் கூர்மை அதிகம். கண்ணாடிகள் நேராக இருந்து, காற்றும் அடங்கியிருந்தால், 8 அங்குலமே நிறையக் காட்டும். மாக்சுடோவ் அவருக்குத் தருவது வசதியை, அதாவது தானாக வானத்தோடு நகரும் மவுண்ட்டில் வைத்து உட்கார்ந்து பார்ப்பதை. அந்த வசதிக்காக வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்கினால் சரி.

மாக்சுடோவ் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் சென்னைக் காற்றில் முன்பக்கக் கண்ணாடி உடனே வேர்த்துவிடும், துடைக்கத் தோன்றும், துடைக்காதீர்கள். மூடியோடு அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். இன்னும் நல்லது ஏசி இல்லாத அறையில் வைப்பது. அப்போது வெளிச் சூட்டோடு ஒத்துப்போக அதிக நேரமும் எடுக்காது.

என்னிடம் இருப்பது 70 மி.மீ. ரிஃப்ராக்டர் மட்டும்தான்.

அப்படியானால் மேலே சொன்னதை எல்லாம் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது விட்டம். 8 அங்குலம் 70 மி.மீ.யைவிட எட்டு மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும், இது அரைப் படி விஷயமில்லை, வேறு உலகம். 8 அங்குலம் தூக்க முடியாது என்றால் மேசை மேல் வைக்கும் 130 அல்லது 150 மி.மீ. டாப்சோனியன் இருக்கிறது. அதற்குப் பிளாஸ்டிக் மேசை ஆகாது, ஆடும், கனமான மர ஸ்டூல் வேண்டும். இதையெல்லாம் வாங்கியபின் 70ஐ விற்றுவிடாதீர்கள், அதுதான் இனி உங்கள் அகல வானம்.

எந்த மவுண்ட்? ஈக்வடோரியலா, மேலே-கீழே நகரும் ஆல்ட்-ஆசிமுத்தா?

கண்ணால் பார்ப்பதற்கு ஆல்ட்-ஆசிமுத். நம் ஊர்க்காரர்களுக்கு இதை அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களில் ஈக்வடோரியல் மவுண்ட்டைப் பார்த்துவிட்டு அதையே வாங்குகிறார்கள். அந்த மவுண்ட்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். லண்டனில் அது 51 டிகிரி உயரத்தில் நிற்கும். சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கும், இல்லாவிட்டால் அடிவானத்துப் புழுதி மறைக்கும். சில மவுண்ட்கள் அந்த அளவுக்குத் தாழ இறங்கவே இறங்காது. இறங்கினாலும் எதிர் எடைக் கம்பி ஏறக்குறைய நேர் கீழே தொங்குவதால் ட்ரைபாட் காலில் இடிக்கும்.

ரிஃப்ராக்டருக்குச் சாதாரண ஆல்ட்-ஆசிமுத் தலையும் நல்ல தடித்த கால் ட்ரைபாடும் போதும். கேமராவுக்கு வாங்கிய மெல்லிய ட்ரைபாட் வேண்டாம், ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே வானம் மூன்று நொடிக்கு ஆடும். நான் முதல் ஆறு மாதம் அப்படி ஒன்றில் வைத்துப் பார்த்து, 40 மடங்குக்கு மேல் போகவே முடியாமல் இருந்தேன். மவுண்ட் மாற்றிய இரவில் அதே லென்ஸ் 80 மடங்கில் சனி வளையத்தைத் தெளிவாகக் காட்டியது.

இருக்கிற ஐபீஸ்கள் புதியதற்கும் ஆகுமா?

ஒன்றேகால் அங்குல ஐபீஸ்கள் இரண்டிலும் மாட்டும், அதுதான் பெரிய சேமிப்பு. 24 மி.மீ., 68 டிகிரி பார்வைக் கோணம் கொண்ட ஐபீஸ் ஒன்று வாங்கினால் டாப்சோனியனில் 50 மடங்கு, எஃப்/5 ரிஃப்ராக்டரில் கிட்டத்தட்ட 17 மடங்கு, இரண்டிலும் அதுவே முதல் ஐபீஸ். ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் மூலைக் கண்ணாடி இல்லாமல் ரிஃப்ராக்டரைத் தலைக்கு மேலே திருப்பினால் தரையில் படுக்க வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். ஐபீஸின் மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32ஐ 5ஆல் வகுத்தால் 6.4 மி.மீ. நாற்பது ஐம்பது வயதில் கண்மணி இருட்டிலும் அவ்வளவு விரியாது, நகரத்து வானமும் பால் போல வெளுத்துத் தெரியும். 24ஐப் போட்டால் 4.8 மி.மீ., வானத்தின் அகலம் ஏறக்குறைய அதேதான், பின்புலம் நன்றாக இருட்டும். அதனால்தான் ப்ளாசலை மலைக்கும் 24ஐ வீட்டுக்கும் வைத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் பதிலாக ஒரு பைனாகுலர் போதாதா?

பலருக்குப் போதும். 10x50 (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலரில் ஆறு டிகிரி சுற்றி வானம் தெரியும், இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், ஐந்து நொடியில் தயார். அது இல்லாதவர் ரிஃப்ராக்டருக்கு முன் அதை வாங்கட்டும். 15x70 என்றால் கையில் பிடிக்க முடியாது, ட்ரைபாட் வேண்டும், தலைக்கு மேலே பார்க்கக் கழுத்து ஒடியும். ரிஃப்ராக்டரில் உருப்பெருக்கத்தை மாற்றலாம், ஃபில்டர் போடலாம், மூலைக் கண்ணாடி இருப்பதால் குனிந்தே உச்சியைப் பார்க்கலாம்.

பகலில் மட்டும்தான் நேரம் கிடைக்கிறது என்றால்?

சூரியனைப் பாருங்கள். நகரத்து வெளிச்சம் கெடுக்காத ஒரே நட்சத்திரம் அதுதான். நம் பக்கம் இதற்கு ஒரு மரபும் உண்டு: கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது, சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது அங்கேதான். புள்ளியின் கருப்பு நடுவையும் அதைச் சுற்றிய சாம்பல் ஓரத்தையும் உங்கள் 80 மி.மீ.யிலேயே பார்க்கலாம்.

அதற்கு வேண்டியது முன்பக்கத்தை முழுவதும் மூடும் சூரியத் தகடு ஃபில்டர். ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும், கண்ணால் பார்ப்பதற்கென்றே விற்கிற வகையை வாங்குங்கள். காற்றில் பறக்காதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் மாட்டும் முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள் அல்லது மூடுங்கள். ஐபீஸில் திருகுகிற பழைய சூரிய ஃபில்டர் எந்தப் பெட்டியோடு வந்திருந்தாலும் பயன்படுத்தாதீர்கள், குவிந்த சூட்டில் அது வெடிக்கும், கண் போய்விடும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது டெலஸ்கோப்பை விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள்.

காலை எட்டு மணி சுற்றிப் பார்ப்பது நல்லது. பத்து மணிக்கு மேல் மாடித் தளம் சூடேறி, சூரிய விளிம்பு கொதிக்கிற கஞ்சி மாதிரி அலையும். ஹைட்ரஜன் ஆல்ஃபா டெலஸ்கோப் தனி வகை, 656.3 நானோமீட்டர் சிவப்பை மட்டும் விட்டு, விளிம்பில் எழும் தீச்சுடர்களைக் காட்டும். 40 மி.மீ. என்றாலும் விலை அதிகம், சூரியனைத் தவிர வேறெதற்கும் ஆகாது. ஆனாலும் தினமும் காலையில் பத்து நிமிடம் பார்க்கிற நண்பர் ஒருவரிடம் இருக்கிறது, வருடக் கணக்கில் பார்த்தால் எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் டெலஸ்கோப்பில் கண் வைத்தவர் அவர்தான்.

சீஸ்டார் மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப்பை இரண்டாவதாக வாங்கலாமா?

வாங்கலாம், என்ன கிடைக்கும் என்று தெரிந்து வாங்க வேண்டும். 2023இல் வந்த சீஸ்டார் எஸ்50ன் விட்டம் 50 மி.மீ., குவியத் தூரம் 250 மி.மீ. ஐபீஸே கிடையாது. பத்து பத்து நொடிப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி போனுக்கு அனுப்பும். நகரத்து வானத்திலும் ஓரியன் நெபுலாவின் நிறம் தெரியும், டாப்சோனியனில் ஒருபோதும் காணாத ஒன்று. வயதான பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

ஒரு படத்தில் அடங்குவது சுமார் 1.3க்கு 0.7 டிகிரி, எனவே கார்த்திகை ஒரே படத்தில் அடங்காது. கிரகம் சிறு பொட்டுதான். எனவே பெரிய டாப்சோனியனோடு இது நன்றாகச் சேரும்: கிரகமும் நிலாவும் கொத்துகளும் கண்ணுக்கு, நெபுலா இதற்கு. ஆனால் கண்ணால் நேராகப் பார்க்கும்போது அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி வந்து நம் கண்ணுக்குள் விழுகிறது, அதற்காகத்தான் இதில் இறங்கினேன் என்பவர்களுக்கு இது மனநிறைவு தராது. நான் அந்தப் பக்கம்தான்.

ஒரே டெலஸ்கோப்பைப் படம் எடுக்கவும் வைத்துக்கொள்ளலாமா?

நிலாவும் சூரியனும் சரி. நெபுலா, கேலக்ஸி என்றால் முதல் செலவு மவுண்ட்டுக்கு, அது தனிக் கதை. கண்ணால் பார்ப்பதற்கு வாங்குவதையும் அதையும் கலக்காதீர்கள், இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

பழையது வாங்கலாமா?

டாப்சோனியனும் ரிஃப்ராக்டரும் தாராளமாக. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளாக இருப்பதால் புதியதில் சுங்கவரியும் ஏறிவிடுகிறது. ஆனால் நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். நான் ஒரு மாக்சுடோவைப் புகைப்படம் மட்டும் பார்த்து வாங்கினேன். வெளியில் கீறல்கூட இல்லை, உள்ளே டார்ச் அடித்தபோதுதான் முன் கண்ணாடியின் உட்பக்கத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது தெரிந்தது. திருப்பித் தர விற்றவர் சம்மதிக்கவில்லை.

டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஃபோகஸ் குமிழ் நடுவில் சிக்குகிறதா என்று கடைசி வரை திருகுங்கள். முடிந்தால் மாலை வரை காத்திருந்து ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, ஃபோகஸைக் கொஞ்சம் உள்ளேயும் கொஞ்சம் வெளியேயும் தள்ளுங்கள், இரண்டு பக்கமும் வட்டமான வளையங்கள் தெரிந்தால் கண்ணாடி நன்றாக இருக்கிறது.

இரண்டையும் எப்படிப் பாதுகாப்பது?

நம் ஊரில் எதிரி ஈரம்தான். மார்கழிப் பனியில் நனைந்த லென்ஸை மூடி போட்டு அப்படியே பெட்டியில் வைத்தால் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. வீட்டுக்குள் கொண்டுவந்து, தலைகீழாகச் சாய்த்து, மூடியில்லாமல் காயவிட்டு, காலையில் மூடுங்கள். ஐபீஸ் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அப்புறம், பயன்படுத்தாமல் ஆறு மாதம் பெட்டிக்குள் கிடப்பதுதான் லென்ஸுக்கு மிகக் கெடுதல்.

தென்வானம் பார்க்க எது நல்லது?

இதை நான் வாங்கும்போது யோசிக்கவில்லை, பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தென்வானம் பெரிய சொத்து. ஐரோப்பாவில் பெரும்பாலானவர்களுக்கு எழவே எழாத ஒமேகா சென்டாரி கொத்து, சென்னையில் மே மாதம் இரவு பத்து மணிக்குத் தெற்கே 29 டிகிரி உயரத்துக்கு வருகிறது, கன்னியாகுமரியில் இன்னும் ஐந்து டிகிரி மேலே. ஆல்ஃபா சென்டாரி சென்னையில் 16 டிகிரிதான். என் மாடியில் தெற்குக் கைப்பிடிச் சுவர் நெஞ்சளவு உயரம். டாப்சோனியன் தரையில் உட்கார்ந்திருப்பதால் ஆல்ஃபா சென்டாரியை நோக்கித் திருப்பினால் சுவரின் சிமெண்ட்தான் தெரியும். நெஞ்சுயர ட்ரைபாடில் நிற்கும் ரிஃப்ராக்டர் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கிறது, கிட்டத்தட்ட ஒட்டியபடி இருக்கும் அந்த இரண்டு நட்சத்திரத்தையும் 80 மடங்கில் பிரித்துக் காட்டுகிறது. உங்கள் மாடிச் சுவரின் உயரத்தை வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள்.

வாங்கியாயிற்று. முதல் இரவு எதைப் பார்ப்பது?

மார்ச் மாதம் இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம், இரண்டு டெலஸ்கோப்பும் மாடியில். மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும் கார்த்திகையில் ரிஃப்ராக்டரைத் தொடங்குங்கள், அது சீக்கிரம் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். அடுத்து கிட்டத்தட்ட தலைக்கு மேலே பூசம், ஒன்றரை டிகிரி அகலத்தில் சிதறிக் கிடக்கும் தேனீக் கூட்டம், அதுவும் ரிஃப்ராக்டருக்குத்தான்.

பிறகு சிரியஸுக்குக் கிழக்கே வாருங்கள். எம்46, எம்47 என்று இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள், இடைவெளி ஒன்றேகால் டிகிரிதான். 17 மடங்கில் இரண்டும் ஒன்றாக நிற்கும், எம்47 பெரிய பெரிய நட்சத்திரங்களாக, எம்46 அரிசி மாவைத் தூவியது போல. ஐபீஸைக் கழற்றி டாப்சோனியனில் மாட்டி எம்46ஐ மட்டும் பிடியுங்கள், பிறகு 10 மி.மீ.க்கு மாறி 120 மடங்கில் வடக்கு ஓரத்தை நிதானமாகப் பாருங்கள், தெரு விளக்கு கண்ணில் படாமல் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு. நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சிறிய சாம்பல் வட்டம் தெரியும், முதலில் தெரியாது, கண்ணைச் சற்று ஓரமாகத் திருப்பினால் தெரியும். என்ஜிசி 2438, இறந்துகொண்டிருக்கும் ஒரு நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயு. கூட்டத்தோடு சேர்ந்ததல்ல, நமக்கும் அதற்கும் நடுவில் தனியாக நிற்கிறது. நகரத்தில் தெரியவில்லை என்றால் ஆக்சிஜன் 3 ஃபில்டரைப் போட்டு இன்னொரு முறை பாருங்கள், நட்சத்திரங்கள் மங்கி அந்த வட்டம் மட்டும் மிதந்து வரும்.